எங்க வீட்டுக் கணவாய்

காலை நல்லா நீட்டிக்கிடுங்க சார். அந்தப் பெட்டியில மீனு இல்லை. ஐஸும் நாலு சங்கும்தான். நாத்தம் வராது, நான் கேரண்டி. வந்தா, டிரைவர் பக்கத்துல ஒரு கூடை வச்சிருக்காங்களே, அதுல இருந்து வருது. என்னைச் சொல்லாதீங்க.

எங்கே போறேன்னு கேட்டீங்கல்லா? ஒரு கூட்டத்துக்குப் போறேன், நாகப்பட்டினம் பக்கம். கட்சிக் கூட்டம் இல்லை. நத்தைக்காரங்க கூட்டம். சிரிக்காதீங்க சார். தமிழ்நாட்டுல நத்தையையும் சங்கையும் கட்டிக்கிட்டு அழுத ஆளுங்க முப்பது பேரு இருக்கோம். மெல்லுடலி வட்டம்னு பேரு. நத்தை, சங்கு, சிப்பி, மட்டி, கணவாய், இது பூராவும் ஒரே வம்சம், தெரியுமா? கணவாய்க்கு ஓடு வெளியே இல்லை, அவ்வளவுதான். மத்தபடி சிப்பிக்குச் சித்தப்பா பிள்ளை. இதை மனசுல வச்சுக்கிடுங்க, பின்னால தேவைப்படும்.

என் பேரு நம்பிராஜன். தூத்துக்குடியில ஒரு கடல் ஆராய்ச்சி நிலையத்துல இருபத்திநாலு வருஷமா டெக்னிக்கல் அசிஸ்டெண்ட். பேருக்கு முன்னால டாக்டர் கிடையாது. வட்டத்துல மத்த இருபத்தொம்பது பேரும் டாக்டர், இல்லைன்னா டாக்டர் ஆகப் போறவங்க. நான் மட்டும் வெறும் நம்பிராஜன். இதுவரை பதினெட்டுக் கட்டுரையில என் பேரு வந்திருக்கு. எங்கேன்னா, கடைசிப் பக்கத்துல, 'உதவிக்கு நன்றி'ன்னு பொடி எழுத்துல. ஒண்ணுல தம்பிராஜன்னு போட்டிருந்தாங்க. நான் ஒண்ணும் சொல்லலை. எனக்குப் பேராசை கிடையாது சார், அதை முதல்லயே சொல்லிருதேன்.

எங்க வேலை என்னன்னா, சங்குச் சதையில துளியூண்டு வெட்டி, அதுல இருக்கிற டிஎன்ஏவைப் பிரிச்சு எடுக்கணும். எடுத்து மெஷின்ல வச்சா, ஜெராக்ஸ் போடுத மாதிரி கோடிக்கணக்குல நகல் போட்டுக் குடுக்கும். அதை வெளியூர்க் கம்பெனிக்கு அனுப்பினா, படிச்சு எழுத்து எழுத்தா ஈமெயில்ல வரும். அந்த எழுத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டா இது இன்ன இனம்னு சொல்லிரும். எலிக்காரன், கோழிக்காரன்லாம் குடுத்து வச்சவன். வெட்டினான், எடுத்தான், வீட்டுக்குப் போயிட்டான். எங்களுக்குக் கொழகொழப்பு. நத்தை போன தடத்துல பளபளன்னு ஒண்ணு கிடக்கும் பாருங்க, அந்தச் சளி. அது டிஎன்ஏவோடயே ஒட்டிக்கிட்டு வந்து மெஷினை வேலை செய்ய விடாது. எத்தனை பேரு தீசிஸ் அந்தச் சளியில வழுக்கி விழுந்திருக்கு தெரியுமா?

அதனாலதான் வட்டமே ஆரம்பிச்சாங்க. ஒருத்தருக்கு ஒரு வழி பிடிபட்டா அதை முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிடப்படாது. எல்லாரு முன்னாலயும் கையால செஞ்சு காட்டணும். பிறகு மூணு லேப்ல மூணு பேரு தனித்தனியாச் செஞ்சு பாக்கணும். மூணுலயும் வந்தாத்தான் கையேட்டுல ஏறும், கண்டுபிடிச்சவன் பேரோட.

கையேட்டுல ஒரு பேரு. அச்சுல, கெட்டி எழுத்துல, முதல் பக்கத்துல. ஆசை இருக்கத்தான செய்யும்? பேராசைதான் இல்லைன்னேன்.

என் வழி என்னன்னு கேளுங்க. கல்லுப்பு. நம்ம தூத்துக்குடிக் கல்லுப்பு. சதையை வெட்டுததுக்கு முன்னால ஒரு கை உப்பை அள்ளி நல்லாத் தேச்சு, தண்ணியில அலசி, திரும்பத் தேச்சு, திரும்ப அலசணும். மூணு தடவை. சளி பூரா திரண்டு வந்துரும். அதுக்குப் பிறகு வெட்டினா டிஎன்ஏ சுத்தமா வரும். இருபத்தொம்பது டாக்டர்மாருக்குத் தோணாதது எனக்குத் தோணிச்சு. யாரும் சொல்லிக் குடுக்கலை சார், எல்லாம் சொந்த மூளை. என் வீட்டுக்காரி செண்பகவல்லி அடுப்படியில கணவாயை உப்புப் போட்டுத் தேச்சுக்கிட்டிருந்தா. நான் சும்மா பக்கத்துல நின்னு பேசிக்கிட்டிருந்தேன். அப்பத் தோணிச்சு, பாத்துக்கிடுங்க.

போன வருஷம் புரட்டாசியில எங்க லேப்லயே எல்லாரையும் கூப்பிட்டுச் செஞ்சு காட்டினேன். பத்துச் சங்கு, பத்துலயும் சளியில்லாம டிஎன்ஏ வந்துச்சு. பிறகு கம்பெனிக்காரன் படிச்சதுலயும் பத்தும் சங்குன்னே வந்துச்சு. வட்டத்தோட தலைவர் டாக்டர் கோவர்த்தனன், பெரிய மனுஷர், எழுந்திரிச்சு வந்து கையைக் குலுக்கினாரு. புரட்டாசி பூரா எதைத் தொட்டாலும் துலங்குச்சு. பெருமாள் மாசம்லா? எங்க வீட்டுல அந்த மாசம் கவிச்சி கிடையாது, முட்டை கூட வராது. அந்தச் சுத்தத்துக்குத்தான் பெருமாளே இறங்கி வந்து கூட நிக்காருன்னு நினைச்சேன். இப்பவும் பாதி அப்படித்தான் நினைக்கேன்.

மூணு லேப்காரங்க முறையை எழுதி வாங்கிட்டுப் போனாங்க. நாலாவதா ஒரு பிள்ளை வந்து நின்னுது. ரிஸ்வானான்னு பேரு. இப்பப் போறோமே, அந்தப் பக்கத்துல ஒரு காலேஜ்ல சிப்பியில ஆராய்ச்சி பண்ணுது. நாலு வருஷமாச் சளியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கு. "சார், எந்த உப்பு போடணும், எவ்வளவு போடணும், ஒரு தடவை சரியாச் சொல்லுங்க சார்"னு நோட்டும் கையுமா நின்னுது. பாவமா இருந்துச்சு. "நீ ஒண்ணும் வாங்காதம்மா, நானே அனுப்புதேன். வேற உப்பைத் தொடாதே, உப்புலதான் சூட்சுமம்"னேன். லேப்ல இருக்கிற என் உப்பு ஜாடியில இருந்து பாதியைக் கொட்டி, பாலிதீன்ல கட்டி, என் காசுல கூரியர் போட்டேன். புரட்டாசி முடிஞ்சு ஐப்பசி நாலு நாள் ஆகியிருந்தது. கடற்கரையில இருக்கிற பிள்ளைக்கு உப்பைப் பார்சல் அனுப்பினவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

இந்த இடத்துல வீட்டுக் கதை கொஞ்சம் சொல்லணும். எனக்கு பிரஷர் இருக்கு. நூத்தி அறுபது, நூறு. டாக்டர் — இது ஊசி போடுத டாக்டர் — உப்பைக் குறைக்கச் சொல்லிட்டாரு. அவரு குறைக்கச் சொன்னாரு, செண்பகவல்லி நிப்பாட்டிட்டா. புரட்டாசியில பருப்பும் ரசமும் உப்பில்லாம எப்படியோ இறங்கிரும். ஐப்பசி பிறந்ததும் செவ்வாயும் வெள்ளியும் விட்டு மத்த நாளெல்லாம் கணவாய் வறுவல். உப்பில்லாத கணவாயைத் தின்னு பாத்திருக்கீங்களா? சைக்கிள் டியூபை மெல்லலாம். டிபனைத் திறக்குத லேப் மேஜையில, கைக்கெட்டுத தூரத்துல, ஜாடி நிறைய உப்பு. மனுஷன் என்ன செய்வான் சொல்லுங்க. ஒரு சிட்டிகை. சாப்பிடுத கையாலதான். பிறகு இன்னொரு சிட்டிகை. அதுல ஒரு தப்பு இருக்குன்னு எனக்குத் தோணவே இல்லை சார். உப்பு உப்புதான?

ஐப்பசி பாதியில இருந்து சனி பிடிச்சுது. நான் சங்கு அனுப்புதேன், கணவாய்னு வருது. ஒரு தடவை இல்லை, பத்துல ஏழு. கம்பெனிக்காரன்ட்ட சண்டை போட்டேன். மெஷினைக் கழட்டித் துடைச்சேன். எங்கயாவது அழுக்குக் கலந்துருக்கான்னு பாக்க, சதையே போடாம வெறுந்தண்ணியை ஒரு குழாயில வச்சு ஓட்டுவோம். அதுல ஒண்ணும் வரலை, சுத்தம். வெறுந்தண்ணிக்கு எவன் உப்புத் தேய்ப்பான்? அதுதான் என் கண்ணை மறைச்சுது. பெருமாள் போயிட்டாருன்னு முடிவு பண்ணி நவதிருப்பதிக்கு ஒரு நடை போய் வந்தேன். ஒன்பது கோயிலு, ஒரே நாளு. மறுநாளும் கணவாய்.

அந்த மூணு லேப்லயும் முறை ஜம்முனு வருதுங்காங்க. என் முறை எல்லாருக்கும் வருது, எனக்கு வரலை! சந்தேகம் வருமா வராதா? எங்க நிலையத்துலயே டாக்டர் ஜெனோவான்னு ஒரு அம்மா. மட்டியில பெரிய ஆளு. மூணு லேப்ல ஒண்ணு அவங்களோடது. அவங்கதான் என் பொருள்ல கைவச்சிருக்கணும்னு நினைச்சேன். பேரைத் தட்டிக்கிட்டுப் போகத்தான்னு. நாலு பேருட்ட சொல்லவும் செஞ்சேன். அஞ்சாவது ஆளு போய் அவங்கட்டயே சொல்லிட்டான்.

மறுநாள் காலையில ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கிட்டு என் லேபுக்கு வந்துட்டாங்க. "அண்ணாச்சி, நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க. நான் சும்மா உக்காந்திருக்கேன்"னாங்க.

"வேவு பாக்க வந்தீங்களாக்கும்?"

"ஆமா அண்ணாச்சி, அதுக்குத்தான்."

தேச்சேன், அலசினேன், வெட்டினேன். அசையாம உக்காந்திருந்தாங்க. ஒரு மணிக்கு நான் டிபனைத் திறந்தேன். "சாப்பிடுதீங்களா?"ன்னு மரியாதைக்குக் கேட்டுட்டு, ஜாடிக்குள்ள கையை விட்டேன். அந்த அம்மா ஸ்டூலை விட்டு எழுந்திரிச்சுட்டாங்க. ஜாடியை எடுத்தாங்க, மூடியைப் போட்டாங்க, கொண்டு போயிட்டாங்க. மீதி வறுவலை நான் உப்பில்லாமத்தான் தின்னேன்.

எட்டு நாள் கழிச்சுக் கூப்பிட்டாங்க. கதவைச் சாத்திட்டு, "அண்ணாச்சி, உங்க உப்பை மட்டும் தண்ணியில கரைச்சு ஓட்டிப் பாத்தேன். ஊசிக்கணவாய் வந்திருக்கு. ஓட்டுக்கணவாய் வந்திருக்கு. கொஞ்சம் மட்டியும் இருக்கு. மட்டி என்னைக்கு வச்சாங்க?"ன்னாங்க.

"ஞாயித்துக்கிழமை மிச்சம். திங்கக்கிழமை கொண்டு வந்தேன்"னேன்.

சங்கு டிஎன்ஏ அழுத்தக்காரன், லேசுல நகல் குடுக்க மாட்டான். கணவாய் இருக்கே, துளி இருந்தாலும் முண்டியடிச்சு முன்னால வந்து நிக்கும். எலிக்காரன் கணவாய் தின்னுட்டு எலியைத் தொட்டா ஒண்ணும் ஆகாது, அவன் மெஷினுக்குக் கணவாயைத் தெரியாது. கோழிக்காரனுக்கும் தெரியாது. சிப்பியையும் சங்கையும் தேடுத எங்க மெஷினுக்குத்தான் கணவாயும் சொந்தக்காரன், விட்டுக்குடுக்காது. எங்க ஆளுங்க மட்டும்தான் சார் இப்படி மாட்ட முடியும்.

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தேன். அந்த அம்மா சொன்னாங்க: "மூணு லேப்ல வந்திருக்கு அண்ணாச்சி. முறை நல்ல முறை. கார்த்திகைக் கூட்டத்துல உங்க பேரைச் சொல்லி ஏத்திருவாங்க. உப்புச் சமாச்சாரத்தை நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன். சொல்லணும்னா நீங்கதான் சொல்லணும்."

எதுக்குச் சொல்லணும் சார்? முறை சரி, ஜாடிதான் தப்பு. ஜாடியைக் கழுவியாச்சு, புது உப்புப் போட்டாச்சு. அந்த அம்மாவும் அவங்களாச் சொல்ல மாட்டாங்க. ரிஸ்வானாவுக்கு அனுப்பின பார்சல் எனக்கு ஞாபகத்துலயே இல்லை. நிஜமா இல்லை. ஞாபகம் வந்தப்போ, அந்தப் பிள்ளை கழுவிட்டுப் போட்டிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். உப்பை எவனாவது கழுவுவானான்னு நீங்க கேப்பீங்க. நான் கேட்டுக்கிடலை.

கூட்டம் வந்துச்சு. கோவர்த்தனன் சார் மேடையில, "உப்புத் தேய்ப்பு முறை, கண்டுபிடித்தவர் நம்பிராஜன்"னு வாசிச்சாரு. கை தட்டினாங்க. என்னைப் பெத்தவங்க இல்லையேன்னு இருந்துச்சு. "யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?"ன்னு ஒரு பேச்சுக்குக் கேட்டாரு.

பின் வரிசையில ரிஸ்வானா எழுந்திரிச்சுது. மெலிஞ்சு போயிருந்துச்சு. "மாற்றுக் கருத்து இல்லை சார். எங்க லேப்ல வரலைன்னு பதிவு பண்ணணும். நாப்பது சிப்பி செஞ்சேன். நாப்பதுலயும் கணவாய்தான் வந்திருக்கு"ன்னுது.

பக்கத்துல இருந்த அதோட கைடு சட்டுன்னு எழுந்திரிச்சு, "முறையில குறை இல்லை. இந்தப் பொண்ணுக்குக் கவனம் போதாது. சாம்பிளைக் குழப்பி வச்சிருக்கா. எங்க கமிட்டி ஒரு வருஷ வேலையைத் திரும்பச் செய்யணும்னு சொல்லுது. உதவித்தொகையும் இந்த மாசத்தோட முடியுது, மேல படிப்பாளான்னே தெரியலை"ன்னாரு. முப்பது பேரு முன்னால, அந்தப் பிள்ளை நின்னுக்கிட்டிருக்கும்போதே சொல்லுதாரு.

அது என்ன சொல்லுச்சு தெரியுமா? "ஆமா சார், என் மேலதான் தப்பு இருக்கும். நம்பிராஜன் சார் அவங்க உப்பையே அனுப்பிக் குடுத்தாங்க. நான்தான் சரியாத் தேய்க்கலை."

உப்பிட்டவரை உள்ளளவும் நினைம்பாங்க. அந்தப் பிள்ளை நினைச்சுப்போட்டுது. திட்டியிருந்தா உக்காந்தே இருந்திருப்பேன். ஜெனோவா அம்மா பக்கம் பாத்தேன். அவங்க ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, என்னைப் பாக்கவே இல்லை. உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான ஆகணும்? எழுந்திரிச்சேன்.

"அந்தக் கணவாய் எங்க வீட்டுக் கணவாய்"னேன்.

சபையில ஒருத்தருக்கும் விளங்கலை. "என்ன சொன்னீங்க?"ன்னாரு கோவர்த்தனன் சார். எல்லாத்தையும் சொன்னேன். பிரஷரைச் சொன்னேன், டிபனைச் சொன்னேன், சிட்டிகையைச் சொன்னேன், ஐப்பசி நாலாம் தேதி மத்தியானம் என்ன தின்னுட்டு எந்தக் கையால பார்சல் கட்டினேன்னு சொன்னேன். ஜெனோவா அம்மா மேல பழி போட்டதையும் சேத்துச் சொன்னேன். "அந்தப் பிள்ளை சரியாத் தேச்சிருக்கு. அவ்வளவு நல்லாத் தேச்சதாலதான் நாப்பதுலயும் கணவாய் வந்திருக்கு. எனக்கே பத்துக்கு ஏழுதான்"னேன்.

முதல்ல யாரோ ஒருத்தரு சிரிச்சாங்க. பிறகு மண்டபமே குலுங்குச்சு. ரிஸ்வானா மட்டும் சிரிக்கலை, உக்காந்து முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதுச்சு. என் பேரு போச்சுன்னு நின்னேன். பொய் சொல்லப்படாது, அந்த நிமிஷம் அந்தப் பிள்ளை மேலயே எனக்குக் கோவம்தான். ரெண்டு நிமிஷம் கழிச்சு எழுந்திரிச்சிருக்கப்படாதா, கைதட்டாவது முழுசா முடிஞ்சிருக்கும்.

அப்போ கோவர்த்தனன் சார் மைக்கைத் தட்டினாரு. "சிரிச்சது போதும். பதினோரு வருஷத்துக்கு முன்னால புது இனம்னு நான் ஒரு சிப்பியை எழுதினேன்லா? அது ரெண்டு குழாயை நான் மாத்தி வச்சதால வந்த இனம். எனக்கு அடுத்த வருஷமே தெரியும். வெளியே சொல்லலை"ன்னாரு. அடுத்து ஒரு அம்மா எழுந்திரிச்சு, ஃப்ரிட்ஜ் நின்னு போய் அழுகின நத்தையை நல்ல நத்தைன்னு கணக்குல காட்டினேன்னாங்க. அடுத்து இன்னொருத்தரு. சாப்பாட்டு மணி அடிச்சும் ஒருத்தரும் எந்திரிக்கலை. அந்தக் கைடு கூட ஒண்ணு சொன்னாரு, சின்னதா, முணுமுணுன்னு. எட்டு வருஷமா முறையைச் சொல்லிக்கிட்டிருந்த வட்டத்துல, தப்பைச் சொன்னது அன்னைக்குத்தான்.

ரிஸ்வானாவுக்குப் புது உப்பு. கடையில வாங்கினது. நாப்பதும் சிப்பியாவே வந்துச்சு. உதவித்தொகைக்குக் கோவர்த்தனன் சார் கடிதம் எழுதி ஆறு மாசம் நீட்டிக் குடுத்தாரு. ஆடியில டாக்டர் ஆயிருச்சு. முதல் போன் எனக்குத்தான், அவங்க வாப்பாவுக்குக் கூட இல்லை.

செண்பகவல்லிட்ட சொல்லாம முடியுமா? ஊரே சிரிக்குது. ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள், "அந்த அம்மா ஊசிக்கணவாய்னா சொன்னாங்க? அப்போ மீன்காரி ஏமாத்தலை"ன்னா. அவ்வளவுதான் கேட்டா. இப்போ டிபன்ல கணவாயும் இல்லை, உப்பும் இல்லை. "உப்புத் தேய்க்க உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா"ன்னு நடுவுல ஒரு கேள்வி கேட்டா. சம்பந்தமில்லாமப் பேசுவா சார் அவ.

ஆனா என் வயித்தெரிச்சல் அது இல்லை. கையேடு வந்துச்சு, இந்தா பையில இருக்கு. உப்புத் தேய்ப்பு முறையில ஆறு பேரு போட்டிருக்காங்க. சரிபாத்தவங்க, திருத்தினவங்க, அஞ்சு டாக்டர், ஆறாவது நான். கடைசியில புதுசா ஒரு பகுதி, 'தப்புகள்'னு. முறைகளை விட அதுதான் தடியா இருக்கு. அதுல முதல் பக்கத்துல, கெட்டி எழுத்துல, 'நம்பிராஜன்'னு தனியா. நல்லதுக்கு ஆறு பேரு பங்கு, தப்புக்கு நான் ஒருத்தனே ஆசிரியர்! நியாயமா சார்? போற லேப்ல எல்லாம் அந்தப் பக்கத்தைத்தான் நகல் எடுத்துச் செவுத்துல ஒட்டி வச்சிருக்காங்க. பெங்களூர்ல இருந்து ஒருத்தரு போன் பண்ணி, "கணவாய் நம்பிராஜன் சாரா?"ங்காரு.

அதோட விட்டாங்களா? போன வாரம் ஒரு கடிதம். இந்த வருஷக் கூட்டத்துல முதல் பேச்சு என்னோடதாம். தலைப்பையும் அவங்களே போட்டுட்டாங்க: 'நான் செய்த தப்புகள்'. இருபத்திநாலு வருஷம் வேலை பாத்தவனுக்கு இதுவா சார் மரியாதை? ஒரு மணி நேரம் தாறோம்னு எழுதியிருந்தாங்க.

ஒரு மணி நேரம் பத்தாதுன்னு பதில் போட்டுட்டேன்.